மஞ்சள் பொடியும் மாடி வெயிலும்: கண்ணுறு ஒளியில் வேலை செய்யும் டைட்டானியம் டை ஆக்சைடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டுவது பல வருஷமாக என் வேலை. பொங்கல் விடுமுறை முடிந்ததும் வரிசையாக வந்து நிற்பார்கள். அதில் பாதிப் பேருக்கு ஒரே தலைப்பு: வெயிலில் சாயத்தை வெளுக்க வைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. அந்தப் பொடியின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி, கண்ணுறு ஒளியில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்ய வைக்கப் பார்ப்பார்கள். கேள்விகளும் மாறுவதில்லை. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

இது பெயிண்ட்டில் போடுகிற அதே வெள்ளைப் பொடியா?

அதேதான். பெயிண்ட், பற்பசை, சன்ஸ்க்ரீன் என்று எங்கும் இருக்கிறது. தெற்கே மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரையில் கிடைக்கிற இல்மனைட் என்ற கறுப்பு மணல்தான் இதற்கு மூலப்பொருள்.

படிக வடிவத்தில்தான் வித்தியாசம். பெயிண்ட்டுக்கு ரூட்டைல், அதுவும் மேலே சிலிக்கா, அலுமினா பூசியது. நமக்குப் பெரும்பாலும் அனட்டேஸ், பூச்சு இல்லாமல். பூச்சு எதற்கு என்று தெரிய வேண்டுமானால் புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களுக்குப் போங்கள். வெயில் நேராக விழும் பழைய பெயிண்ட் சுவர் ஒன்றை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டும். வெயிலின் புறஊதாவே பெயிண்ட்டின் பசையை அரிக்கும். பூச்சு சரியில்லாத டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளே இருந்தால் ஈரத்தையும் காற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த அரிப்பை வேகப்படுத்தும். பசை போனபின் நிறப்பொடி தனியே நிற்கிறது. (சுண்ணாம்பு அடித்த சுவரும் கையில் ஒட்டும், அது வேறு கதை.) பெயிண்ட்காரருக்கு எது தலைவலியோ அதை வைத்துத்தான் நாம் ப்ராஜெக்ட் செய்கிறோம்.

நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? அப்புறம் ஏன் பொடியை மாற்ற வேண்டும்?

வெயில் நிறைய இருக்கிறது. ஆனால் அதில் இந்தப் பொடிக்கு உதவுகிற பங்கு கொஞ்சம்தான்.

அனட்டேஸில், எலக்ட்ரான்கள் இருக்கும் இணைதிறன் பட்டைக்கும் அவை ஏற வேண்டிய கடத்துப் பட்டைக்கும் நடுவில் 3.2 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. எலக்ட்ரான் வோல்ட்டை அலைநீளமாக மாற்ற 1240-ஐ 3.2-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 387 நானோமீட்டர் வரும். அதைவிடக் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளி, அதாவது புறஊதா மட்டும்தான், எலக்ட்ரானைத் தூக்கி மேலே போட முடியும். ரூட்டைலுக்கு 3.0, கணக்கு 413-க்கு வரும். தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் புறஊதா 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ நாற்பது சதவீதத்துக்கு மேல். பெரிய பங்கை விட்டுவிட்டுச் சில்லறையைப் பொறுக்குகிறோமே என்ற ஆதங்கத்தில் பிறந்ததுதான் இந்த ஆராய்ச்சி முழுவதும்.

எலக்ட்ரான் மேலே போனதும் கீழே ஒரு துளை மிஞ்சும். எலக்ட்ரான் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பர் ஆக்சைடு ஆக்கும். துளை, பரப்பில் இருக்கும் நீரையோ ஹைட்ராக்சில் தொகுதியையோ தாக்கி ஹைட்ராக்சில் தனி உறுப்பை (ரேடிக்கலை) தரும். இரண்டும் சேர்ந்து கரிமப் பொருளை உடைக்கின்றன. டோக்கியோவில் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்த ஆக்சைடு மின்முனையின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்ததை 1972-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கதை அங்கிருந்துதான் சூடு பிடித்தது.

நல்ல பொடியில் போய் ஏன் மாசு கலக்க வேண்டும்?

மாசூட்டல் என்ற பாடப்புத்தகச் சொல் செய்கிற குழப்பம் இது. லேபில் எல்லாரும் டோப்பிங் என்றுதான் சொல்கிறோம். படிகத்தில் டைட்டானியமோ ஆக்சிஜனோ இருக்க வேண்டிய சில இடங்களில் வேறு அணுவை உட்கார வைப்பது, அவ்வளவுதான்.

உயரமான திண்ணை ஒன்று இருக்கிறது, தாத்தாவால் ஏற முடியவில்லை. நடுவில் ஒரு கல்லைப் போடுகிறோம். இனி சின்ன எட்டு வைத்தே ஏறலாம், அதாவது ஆற்றல் குறைந்த ஒளியே போதும். ஆனால் அதே கல்லில் தடுக்கி விழவும் வாய்ப்பு உண்டு. மேலே போக வேண்டிய எலக்ட்ரானும் கீழே நிற்கிற துளையும் அந்த நடுநிலையில் சந்தித்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். வந்த ஒளி வெறும் சூடாகிப் போகும். புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு அணுவும் படியாகவும் இருக்கும், தடுக்கும் கல்லாகவும் இருக்கும். கூடுதலாகச் சேர்த்தால் கூடுதல் பலன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எதைச் சேர்ப்பது நல்லது, இரும்பா நைட்ரஜனா?

உலோகங்களில் பெரிய ஒப்பீடு 1994-இல் வந்தது. கலிஃபோர்னியாவில் சோய், டெர்மின், ஹாஃப்மன் மூவரும் 21 உலோக அயனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இரும்பு, வனேடியம், ருத்தீனியம் போன்றவை 0.1 முதல் 0.5 சதவீத அளவில் செயல்திறனைக் கூட்டின. கோபால்ட்டும் அலுமினியமும் குறைத்தன. அளவைக் கவனியுங்கள், அரை சதவீதம்! எங்கள் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் 5 சதவீதம் இரும்பு போட்டுவிட்டு, செங்கல் நிறத்தில் ஒரு பொடியோடு வந்து வேலை செய்யவில்லை என்பார்கள்.

அலோகங்களில் நைட்ரஜன்தான் ராஜா. ஜப்பானில் சாட்டோ 1986-லேயே, அம்மோனியம் சேர்மம் கலந்த டைட்டானியம் ஹைட்ராக்சைடைச் சுட்டால் கண்ணுறு ஒளியில் வேலை செய்யும் பொடி கிடைப்பதைக் கண்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2001-இல் டொயோட்டாவின் மத்திய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அசாஹி குழு சயன்ஸ் இதழில் எழுதிய பிறகு உலகமே நைட்ரஜன் பின்னால் ஓடியது. அவர்கள் காட்டியது 500 நானோமீட்டருக்குக் கீழே வேலை செய்யும் பொடி. ஊதாவும் நீலமும் கொஞ்சம் பச்சையும் கிடைக்கிறது. சிவப்பு வரை போகவில்லை.

கார்பன், கந்தகம், ஃபுளோரின் எல்லாவற்றையும் முயன்றிருக்கிறார்கள். ஒரு ப்ராஜெக்ட்டின் ஆயுளுக்கு நைட்ரஜன் போதும்.

கல்லூரி லேபிலேயே செய்ய முடியுமா?

முடியும். டைட்டானியம் ஐசோப்ரோப்பாக்சைடு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், யூரியா, ஒரு மஃபில் ஃபர்னஸ் (மூடிய மின் சூளை) இருந்தால் சரி. ஆல்கஹாலில் ஐசோப்ரோப்பாக்சைடைக் கரைத்து, யூரியா கரைந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாக வரும். உலர்த்தி, அரைத்து, 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். 600-ஐத் தாண்டினால் அனட்டேஸ் ரூட்டைலாக மாறத் தொடங்கும், கிடைத்த நைட்ரஜனும் பறந்துவிடும்.

கடலோரத்து லேபுகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஐசோப்ரோப்பாக்சைடுக்கு ஈரக் காற்று ஆகவே ஆகாது. நம் ஊர்க் காற்றில் பாட்டிலைத் திறந்த சில நொடியில் வாயோரம் வெள்ளைப் பொருக்கு படிந்துவிடும். ஒரு வாரம் கழித்து மூடியைத் திருகினால் அசையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். தேவையான அளவை ஒரே தடவையில், உலர்ந்த சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, யூரியா சூட்டில் அம்மோனியாவைக் கக்கும். ஃபர்னஸ் இருக்கிற அறையில் எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

பொடி மஞ்சளாகிவிட்டது. டோப்பிங் ஆகிவிட்டது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது.

சூளையிலிருந்து எடுத்த க்ரூசிபிளை, அதாவது சுடும் கிண்ணத்தை, திறந்ததும் பண்ருட்டிப் பலாச்சுளையின் வெளிறிய ஓரம் மாதிரி ஒரு நிறம் தெரியும். எனக்கும் முதல் தடவை புல்லரித்தது. ஆனால் அந்த மஞ்சளுக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். நைட்ரஜன் படிகத்துக்குள் போயிருக்கலாம். சுடும்போது ஆக்சிஜன் வெளியேறி வெற்றிடங்கள் விழுந்திருக்கலாம். மூன்றாவதுதான் வில்லங்கம்: யூரியா தானே சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து மெலெம், மெலான் போன்ற சேர்மங்களாக மாறிப் பொடியின் மேல் மஞ்சளாகப் படியும். ஜெர்மனியில் எர்லாங்கனைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் கிஷும் மிதோராஜும் 2008-இல் இதைத்தான் காட்டினார்கள். யூரியா வைத்துச் செய்த பல 'நைட்ரஜன் டோப்டு' பொடிகளில் ஒளியை உறிஞ்சுவது இந்த மேல்படிவுதான் என்றார்கள். மூடி போட்டு, யூரியாவை அள்ளிப் போட்டுச் சுட்டால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வரும்.

தெரிந்துகொள்ள எக்ஸ்பிஎஸ் எடுக்க வேண்டும்; பரப்பில் உள்ள அணுக்கள் எந்தப் பிணைப்பில் இருக்கின்றன என்று எக்ஸ் கதிரால் பார்க்கும் சோதனை அது. நைட்ரஜனின் 1எஸ் சிகரம் 396 எலக்ட்ரான் வோல்ட் அருகே வந்தால் ஆக்சிஜனின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்திருக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 400 அருகே மட்டும் வந்தால் இடுக்கில் இருக்கலாம், மேல்படிவாகவும் இருக்கலாம். எக்ஸ்பிஎஸ்ஸுக்குக் காசில்லையா? 'யூரியாவால் மாற்றப்பட்ட டைட்டானியா' என்று எழுதுங்கள் (டைட்டானியா என்றால் டைட்டானியம் டை ஆக்சைடுதான்). அது பொய் இல்லை.

எக்ஸ்ஆர்டியில் நைட்ரஜன் சிகரம் எங்கே வரும்?

வராது. எக்ஸ்ஆர்டி என்பது படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை. அந்த அளவு நைட்ரஜனுக்குத் தனிச் சிகரம் கிடையாது. 25.3 டிகிரியில் அனட்டேஸ், 27.4-இல் ரூட்டைல், அதைப் பாருங்கள், சிகரத்தின் அகலத்தில் இருந்து துகள் அளவைக் கணக்கிடுங்கள், போதும்.

ஆற்றல் இடைவெளி 3.2-இலிருந்து 2.6 ஆகக் குறைந்துவிட்டது என்று டாக் வரைபடம் சொல்கிறதே?

டாக் வரைபடம் என்பது ஒளி உறிஞ்சும் அளவை வரைந்து, ஏறும் விளிம்பில் கோடு இழுத்து இடைவெளியைக் கணக்கிடுவது. வரைபடம் சொல்லவில்லை, நீங்கள் ஸ்கேல் வைத்த இடம் சொல்கிறது. பெரும்பாலான நைட்ரஜன் பொடிகளில் செங்குத்தாக ஏறும் முக்கிய விளிம்பு பழைய இடத்திலேயேதான் இருக்கும். 400-க்கும் 500-க்கும் நடுவில் ஒரு தோள் மட்டும் புதிதாக முளைக்கும். அந்தத் தோளின் மேல் கோடு இழுத்தால் 2.6 வரும், அது நடுவில் போட்ட கல்லின் உயரம், திண்ணையின் உயரம் இல்லை. 'தோள் தென்படுகிறது' என்று எழுதுவதே நாணயம்.

மெத்திலீன் ப்ளூ மூன்று மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் சொந்தக் கதை. நான் இந்த வேலையைத் தொடங்கிய வருஷம், சித்திரை மாதம், கல்லூரி மொட்டை மாடி. 100 மில்லி மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயக் கரைசலில் 100 மில்லிகிராம் மஞ்சள் பொடி. காலை பதினொன்றுக்கு வைத்தது இரண்டு மணிக்கெல்லாம் வெளுத்துவிட்டது. கேன்டீனில் எல்லாருக்கும் போண்டா, டீ. மறுநாள் பீக்கர் கழுவப் போனால், முந்தின நாள் மீந்த சாயத்தை யாரோ கைப்பிடிச் சுவரோரம் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். பொடி போடாத சாயம். சாயங்காலம் வரை வெயிலில் நின்ற அதுவும் நன்றாகவே வெளிறியிருந்தது. போண்டா ஜீரணமாகவில்லை.

சாயம் வெளுக்கப் பல வழி உண்டு. வெயிலே நேராகச் சாயத்தைச் சிதைக்கும். பொடியின் மேல் சாயம் ஒட்டிக்கொண்டு கரைசல் தெளிந்த மாதிரி தெரியும். மெத்திலீன் ப்ளூ நேர்மின் அயனி என்பதால் காரக் கரைசலில் இன்னும் நன்றாக ஒட்டும். ஆக்சிஜன் இல்லாத மூடிய குழாயில் அது ஒடுக்கமடைந்து நிறமற்ற லூக்கோ வடிவமாகும். திறந்து குலுக்கினால் காற்றுப் பட்டு நீலம் திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் மேல், மெத்திலீன் ப்ளூ 664 நானோமீட்டரில் சிவப்பு ஒளியைத் தானே உறிஞ்சுகிறது. ஒளிபட்டுக் கிளர்ந்த சாயம் தன் எலக்ட்ரானைப் பொடிக்குத் தள்ளிவிட்டுத் தானே சிதையும். இதற்கு டோப்பிங் தேவையே இல்லை, கடையில் வாங்கிய வெள்ளைப் பொடியிலும் நடக்கும். கண்ணுறு ஒளியில் வேலை செய்தது உங்கள் பொடியா, சாயமா? நீலத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு பீக்கர் போதாது. பொடி இல்லாமல் வெயிலில் ஒன்று, பொடியோடு இருட்டில் ஒன்று, டோப் செய்யாத பொடியோடு வெயிலில் ஒன்று, உங்கள் பொடியோடு வெயிலில் ஒன்று, ஆக நாலு. ஒளி காட்டுவதற்கு முன் அரை மணி நேரமாவது இருட்டில் கலக்குங்கள், ஒட்ட வேண்டியது ஒட்டட்டும். மாடியில் வைத்தால் தண்ணீர் ஆவியாகும். முதலிலேயே மட்டத்தைக் குறித்துவைத்து அளவெடுக்கும் முன் ஈடு செய்யுங்கள், இல்லாவிட்டால் சாயம் கெட்டியாகிக் கணக்கு கெடும்.

முடிந்தால் நிறமில்லாத ஒன்றையும் சோதியுங்கள். ஃபீனால், சாலிசிலிக் அமிலம் போன்றவை கண்ணுறு ஒளியைத் தாமாக உறிஞ்சுவதில்லை. அதிலும் ஒரு சின்ன வில்லங்கம்: இவை பொடியின் பரப்போடு பிணைந்தால் அந்தப் பிணைப்பே லேசாக நிறம் கொண்டு கொஞ்சம் கண்ணுறு ஒளியை உறிஞ்சும். டோப் செய்யாத பொடியை ஒப்பீட்டுக்கு விடாமல் வைக்கச் சொல்வது அதனால்தான்.

வெயிலுக்குப் பதில் எந்த விளக்கு வாங்கலாம்?

வெள்ளை எல்இடி. 450 நானோமீட்டர் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது அது. புறஊதா ஏறக்குறைய இல்லை. பழைய ட்யூப்லைட் வேண்டாம். உள்ளே பாதரசம் இருப்பதால் 365, 405-இல் கசியும். அப்புறம் வேலை செய்தது கண்ணுறு ஒளியா புறஊதாவா என்று யார் சொல்வது?

வெயிலிலேயே செய்துதான் ஆக வேண்டும் என்றால் விலை குறைந்த வடிகட்டி ஒன்று உண்டு. 2 மோலார் சோடியம் நைட்ரைட் கரைசலைத் தட்டையான கண்ணாடித் தொட்டியில் ஊற்றி வெயிலுக்கும் பீக்கருக்கும் நடுவில் வையுங்கள். 400-க்குக் கீழே உள்ளதை அது விழுங்கிவிடும். ஆனால் பாத்திரம் பக்கவாட்டில் திறந்திருந்தால் பயனில்லை, அலுமினியத் தாளால் சுற்றி மேலே மட்டும் ஒளி வர விடுங்கள். நைட்ரைட் பார்க்க உப்பு மாதிரியே இருக்கும், நஞ்சு. பாட்டிலில் பெயரைத் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்; லேபைச் சுத்தம் செய்ய வரும் அக்காவும் படிக்க வேண்டுமல்லவா.

சிப்காட் கழிவுநீரை இதை வைத்துச் சுத்தம் செய்யலாமா? அறிமுகத்தில் அப்படித்தானே எல்லாரும் எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். உப்பனாற்றங்கரையில் சாயம், மருந்து, ரசாயன ஆலைகள் இருக்கிற ஊரில் வேறு எதை எழுதத் தோன்றும்? ஆனால் இன்றைய நிலையில் நேராக ஒரு தொட்டியில் பொடியைக் கொட்டி அது நடக்காது.

கழிவுநீர் நம் பீக்கர் மாதிரி 10 மில்லிகிராம் சாயமும் காய்ச்சி வடித்த நீரும் அல்ல. நிறம் அடர்த்தி, ஒளி சில சென்டிமீட்டர் இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். குளோரைடும் பைகார்பனேட்டும் நிறைய இருக்கும், இரண்டும் ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் தின்றுவிடும். ஆலைகளில் உயிரியல் முறை, ஃபென்டன், ஓசோன், ஆர்ஓ என்று ஏற்கெனவே ஓடுகிற முறைகளோடு இது போட்டி போட வேண்டும். மழை நாளில், இரவில்? அதற்கும் பதில் வேண்டும்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சுத்திகரிப்பெல்லாம் முடிந்து, கடைசியில் மிஞ்சுகிற நுண்ணளவு மருந்துப் பொருளை, கண்ணாடியிலோ ஓட்டிலோ பூசிய மெல்லிய படலத்தின் மேல் ஓடவிட்டுக் கரைப்பது: அங்கே இதற்கு இடம் இருக்கலாம். வீட்டுக்குள் எல்இடி வெளிச்சத்தில் காற்றைச் சுத்தம் செய்வது இன்னும் நம்பிக்கையான வழி. டோக்கியோவில் ஹாஷிமோட்டோ குழு படிகத்துக்குள் எதையும் திணிக்காமல் பரப்பில் மட்டும் தாமிர ஆக்சைடுத் துணுக்குகளை ஒட்டிச் செய்த பொடிகள் அந்த வழியில்தான் போயின.

பொடியைத் திரும்ப எடுக்க முடியவில்லையே?

20 நானோமீட்டர் துகளை வடிதாளில் வடித்தால் பால் மாதிரி அப்படியே இறங்கும். சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். இல்லையென்றால் நிறமானியில் அந்தக் கலங்கலும் சேர்ந்து அளவாகி உங்கள் பொடி மட்டமான பொடி என்று காட்டிவிடும்.

கறுப்பு டைட்டானியா என்கிறார்களே?

2011-இல் சென், மாவ் குழு ஹைட்ரஜனில், உயர் அழுத்தத்தில் வைத்துச் செய்தது. பார்க்க அழகு. உயர் அழுத்த ஹைட்ரஜனை எங்கள் லேபில் அனுமதிக்க மாட்டேன். அடுத்த கேள்வி.

ஆபத்து ஏதும் உண்டா?

மூச்சில் போவதுதான் கவலை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தத் தூளை 2பி பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. கல்வத்தில் அரைக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், என்95 போடுங்கள், துணி மாஸ்க் போதாது. கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாமல் படியவிட்டுத் தனியே சேருங்கள்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தாலும் சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தாலும், விவரம் தெரிந்த தேர்வாளர் என்றால் முதல் கேள்வி இதுதான்: "பொடி போடாத பீக்கர் எங்கே?" நாலு பீக்கரின் எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டு முதல் பக்கங்களிலேயே வையுங்கள். டோப் செய்யாத பொடிக்கும் உங்கள் பொடிக்கும் வித்தியாசம் குறைவாக வந்திருந்தால் அதையும் அப்படியே போடுங்கள். புறஊதாவில் உங்கள் மஞ்சள் பொடி வெள்ளைப் பொடியைவிடச் சோம்பலாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். நடுவில் கல் போட்ட திண்ணையில் அது நடக்கக்கூடியதே. ஏன் என்று கேட்டால் எலக்ட்ரானும் துளையும் சந்திக்கும் கதையைச் சொல்லுங்கள். பாதி மதிப்பெண் அங்கேயே வந்துவிடும்.